மூன்றாம் பலகை

ஊட்டிப் பள்ளியொன்றின் பிரார்த்தனைக் கூடத்தில்
கடைசிச் சுற்றுக்கான தாளை ஒட்டினார்கள்.
மூன்றாம் பலகை: நான், தயாளினி.
விடியுமுன் பந்தலூரிலிருந்து
ஒரே ஜீப்பில், ஒரே கம்பளிக்குள்
கால்களை நுழைத்துக்கொண்டு வந்தவர்கள்.
மதியம் அவள் டப்பாவில் பங்கிட்ட ரொட்டி
இன்னும் என் வயிற்றில்தான் இருந்தது.

ஜெயித்தால் கோப்பை.
டிரா என்றால் இருவருக்கும் சான்றிதழ் மட்டும்.
இருவரும் கணக்குப் போட்டிருந்தோம்,
சொல்லிக்கொள்ளவில்லை.
கைகுலுக்கியபோது அவள் விரல்கள்
காலைநேரக் குழாய்த் தண்ணீர்.

ஜன்னலில் பனி வந்து நின்றது,
விலகியது, மறுபடி வந்தது.
முதல் வரிசையில் ஒரு சின்னப் பையன் தோற்று அழுதான்.
அவன் அப்பா குனிந்து ஷூ லேஸைக் கட்டிவிட்டார்,
அவிழாத லேஸை.

பாதி ஆட்டம் தாண்டி
குதிரையை ஜி மூன்றில் வைத்துவிட்டுக் கேட்டேன்:
"டிரா பண்ணிக்கலாமா?"
அவள் நிமிரவில்லை. ராணியை நகர்த்தினாள்.
"ஆடு."
அவ்வளவுதான்.
என் முறை முழுக்க
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் காது சுட்டது.
பனியில் அப்படி என்ன இருக்கிறது?
கோபத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினேன்.
கொஞ்ச நேரத்தில்
என் ராஜாவை நானே படுக்க வைத்தேன்.

இரவு, சைதலவி அண்ணனின் ஜீப்.
செய்தித்தாளில் சுற்றிய கோப்பை அவள் மடியில்.
பைக்காரா, நடுவட்டம்,
வளைவுதோறும் அது என் முழங்காலில் இடித்தது.
நகர்ந்துகொள்ள இடமில்லை.
கூடலூரில் டீ குடித்தபோதும்
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றோம்.

தேவாலா தாண்டி அண்ணன் விளக்கை அணைத்தார்.
யானை.
பலகையில் நேர்க்கோடு தவிர வேறறியாதது
இங்கே சாலைக்குக் குறுக்கே நின்று
மூங்கில் ஒடித்துக்கொண்டிருந்தது.
எதிரே போகவும் முடியாது, திரும்பவும் முடியாது.
கடிகாரமும் இல்லை.

அப்போதுதான் காதருகே சொன்னாள்:
"ராணிய விட்டு கைய எடுத்ததுமே பார்த்துட்டேன்.
உன் குதிரை எஃப் அஞ்சு.
ராஜாவுக்கு செக், ராணியும் மாட்டும்.
என் கண்ணு அந்தக் கட்டத்துக்குப் போனா
நீயும் பார்த்துடுவியோன்னு பயம்.
அதான் ஜன்னலு."

மூங்கில் முறிந்தது.
இருட்டில் காய்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.
குதிரையை எடுத்தேன். வைத்தேன்.
அங்கேதான் இருந்தது, அவ்வளவு நேரமும்,
மேஜைமேல் வைத்த சாவி மாதிரி.

"சரி," என்றேன். "அப்புறம் நீ என்ன ஆடியிருப்ப?"
"ராஜா ஹெச் எட்டு. நீ ராணிய எடுப்ப.
ஆனா அதுக்கப்புறம் என் மந்திரி..."

"ஷ்ஷ்," என்றார் சைதலவி அண்ணன்.