வளைந்து கொடுத்தது

ஆஷ்கிராஃப்ட் சரிவு நிறுத்தத்துக்கு
அறுபது அடி முன்னால்
தண்டவாளம் இடப்பக்கம் ஒதுங்குகிறது.
எதிரே எதுவும் இல்லை.
பாறை இல்லை, தூண் இல்லை.
காட்டுக்கொடி மூடிய காலி மனை,
யாரோ விட்டுப்போன ஷாப்பிங் வண்டி.
அந்த வெறுமையில் இடித்துவிடக் கூடாதென்று
ஒவ்வொரு லைட் ரயிலும் வேகம் குறைத்து
கிறீச்சிட்டுத் திரும்புகிறது.

கிறீச்சை அடக்குவது என் வேலை.
கடைசி வண்டி போனபின், இரவு ஒன்றரைக்கு
கிரீஸ் வாளி, தூரிகை, நெற்றியில் விளக்கு.
அலுவலக வரைபடத்தில் வளைவின் ஆரம் உண்டு.
காரணம் இல்லை.

காரணத்தைத் தோண்டி எடுத்தவர்
எதிர் மாடியில் இருக்கும் லெவர்ன் டாக்கரி.
பதினான்கு வருடமாகத் தூக்கமில்லை என்று
புகார் எழுதி எழுதி,
வழக்குப் போட ஆதாரம் தேடி
நகராட்சியின் பழைய கோப்புகளுக்குள் இறங்கியவர்
அடியில் ஒரு சலவைக்காரியைக் கண்டார்.

சுசன்னா ஹ்ரிங்கோ.
எஃகு ஆலைச் சட்டைகளை வெளுத்தவள்.
டிராம் கம்பெனியின் நேர்கோடு
அவளுடைய வெந்நீர் அண்டா வழியாகப் போனது.
இரண்டு மடங்கு விலை சொன்னார்கள்.
ஒற்றைக் காலில் நின்றாள்.
வக்கீல் வந்தபோது சொன்னாளாம்:
"கொடியில் கிடக்கும் துணி காயட்டும், பேசலாம்."
உலைப்புகை ஊர் அது,
என்றைக்குக் காய்ந்தது துணி?

கடைசியில் வளைந்து கொடுத்தது கம்பெனிதான்.
பதினோரு அடி.

பிறகு அவள் இல்லை. ஆலை இல்லை.
பேருந்துகள் வந்தன, டிராமை நிறுத்தினார்கள்,
தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றினார்கள்.
கோடையில் தார் இளகும்போது மட்டும்
தெருவில் ஒரு வளைந்த தழும்பு தெரியுமாம்.
வாகன நிறுத்தத்துக்காக வீட்டை இடித்தார்கள்.
நிறுத்த வாகனங்கள் வரவில்லை.
இருபது வருடம் கழித்து ரயில் திரும்பி வந்தபோது
பழைய தடமே மலிவு என்றார்கள்.

போன வசந்தத்தில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூட்டம்.
வளைவை நிமிர்த்தினால்
ஒன்பது நொடி மிச்சம் என்றார் பொறியாளர்.
டாக்கரி எழுந்தார்.
இதற்காகத்தானே இத்தனை வருடம் என்று
எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.
"அந்த ஒன்பது நொடியை
எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?" என்றார்.
உட்கார்ந்துவிட்டார்.
பின்னால் யாரோ இருமினார்கள்.

திட்டம் கைவிடப்பட்டது.
அவர் கேள்வியால் அல்ல, டெண்டர் தொகையால்.

அன்றிலிருந்து
கிரீஸ் தடவும்போது ஒரு சாண் விட்டுவிடுகிறேன்.
பணி அறிக்கையில் அதற்கு இடமில்லை.

திங்கட்கிழமை தவறாமல் அவர் போன் செய்கிறார்.
"நேற்றும் சத்தம் கேட்டது."
அவ்வளவுதான் சொல்கிறார்.
எடுக்கும் பையன்
புகார் என்று பதிந்துகொள்கிறான்.