ஒரே லோரி, இரண்டு முறை

"பின்னால போனா வெளிய தள்ளிடுது"
என்றுதான் சொன்னாள் புஷ்பவல்லி, போனில்.
எது வெளியே, எது தள்ளுகிறது என்று கேட்டால்
"வந்து பாரேன்."

பீடோரிலிருந்து ஏழாம் கட்டை.
இரு பக்கமும் செம்பனை, முன்னால்
குலை ஏற்றிய லோரி; முந்த வழியில்லை.
எடைப்பாலத்தருகே தகர அறை,
ஏர்கோன் சொட்டும் இடத்தில் மைலோ டின்.
திரையில் நான் எழுதிய பக்கம்.
ஓரத்தில் அவள் ஒட்டிய சீட்டு:
பேக் தொடாதே.

தொட்டேன்.
தேடல் பெட்டியில் ஓர் எழுத்து குறைந்தது.
மறுபடி. இன்னோர் எழுத்து.
லோரி நம்பருக்கு அவள் ஏழு எழுத்து அடித்திருந்தாள்;
எழுத்துக்கு ஒன்றாய் ஏழு படி
ஹிஸ்டரியில் அடுக்கி வைத்தவன் நான்தான்.
ஏன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சம்.
எட்டாவது அமுக்கலில்
படிவத்தை மறுபடி அனுப்பவா என்றது பிரவுசர்.
வேண்டாம் என்றால் நுழைவுப் பக்கம், கடவுச்சொல் கேட்கும்.
வெளியே லோரிக்காரன் ஹார்னில் கை வைத்திருக்கிறான்.
அவள் என்ன செய்வாள்,
ஆம் என்றிருக்கிறாள்.

மார்ச் முழுக்க இப்படிப்
பதினொரு லோரிகள் இரண்டு முறை எடை போட்டன:
ஒரு முறை பாலத்தில், ஒரு முறை என் பிழையில்.

அனுப்பியதும் வேறு பக்கத்துக்குப் போகவிட்டேன்.
தேடல் இனிப் புதுப் படி கட்டாது,
பழைய படிமேலேயே எழுதும்.
எடைக்கொரு அடையாள எண்; அதே எண் திரும்ப வந்தால்
கதவு திறக்காது.
நான்கு வரி நீக்கம், ஒன்பது வரி சேர்ப்பு.
பசியாறக்கூட நேரமாகவில்லை.

பிறகு கிராணி தவமணி வந்தார், தாளும் பேனாவுமாக.
"கூடுதலாப் போன காசைப் பிடிக்கணும். பேரு எடுத்துக் கொடு."
பெயர்கள் இருந்தன.
ரஃபிகுல், வெட்டு, மூன்றாம் கேங்: அறுபத்து நான்கு ரிங்கிட்.
தனபாக்கியம், உதிரிப்பழம் பொறுக்குவது: பதினெட்டு.
இன்னும் கீழே இருந்தது. நான் இறக்கவில்லை.

புஷ்பவல்லி நாற்காலியை விட்டு எழவில்லை.
"அமுக்கினது நான்.
அமுக்கினா ரெண்டாகும்படி செஞ்சது இந்தத் தம்பி.
அவங்க குலைதானே வெட்டுனாங்க?"

கிராணி என்னைப் பார்த்தார்.
என் பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்,
கூட்டிப் பார்க்காமலே.
காரில் ஏறியபின் கூட்டினேன்: நானூற்றுப் பத்து.

அதற்கு முன் அவள் சோதித்தாள்.
எழுபதாவது வரிவரை இறங்கி
ஒரு லோரியைத் திறந்து, பேக் தொட்டாள்.
எழுபதாவது வரி. விட்ட இடத்திலேயே.
இன்னொரு முறை.

சீட்டைக் கிழிக்கவில்லை.
"ஒரு வாரம் போகட்டும்" என்றாள்.