கணக்குப் புத்தகத்தில் பதினெட்டுப் பேர்

முதல் மாதம் சிரித்துவிட்டேன்.
பழைய இரும்பு, லோரி டயர், டீசல்,
அதற்குக் கீழே முதலாளி தன் கையால்
'பந்து ஆடுறவங்க, பதினெட்டுப் பேர்'
என்று எழுதியிருந்தார்.

கூலியா என்றேன்.
சம்பளம் என்றார்.
சேமநிதி பிடி, சொக்சோ பிடி,
சீட்டு எல்லார் கைக்கும் போகணும்.

குணசீலன் டத்தோ ஆகாத காலம் அது.
சுங்கை கெருயிங்கில்
அவர் எடைக்கு வாங்காத இரும்பு இல்லை.
மூடிய பால் ஆலையின் உருளைகள்,
புகைக்கூண்டு,
பிரட்டுக்கு அடித்த மணிகூட.
இப்போது திடலை எடுத்தார்.
துருவேறிய கோல் கம்பம் இரண்டையும்
சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
தராசு வரும் என்று நின்றோம்.
வெள்ளைச் சாயம் வந்தது.

ஈப்போ பக்கம் இழுத்துமூடிய தொழிற்சாலையிலிருந்து
நான்கு விளக்குக் கோபுரங்கள்
மூன்று லோரியில் வந்து இறங்கின.
எரிந்த முதல் ராத்திரி
செம்பனைக்குள் எலிக்குக் காத்திருந்த ஆந்தைகள்
வேலை முடிந்ததென்று திரும்பிவிட்டன.

டிக்கெட் ஐந்து வெள்ளி.
வேலிக்கு அந்தப் பக்கம்
மோட்டார்மேல் ஏறி நின்றால் ஓசி.
விற்றது இருநூற்றுப் பதினொன்று.
மோட்டார்களை எண்ணினேன், முந்நூற்று நாற்பது.
வேலியை உயர்த்தலாமா என்றேன்.
'விடு திலகா, கத்துறது அவங்கதானே.'
மறுவாரம் வேலிக்கு அந்தப் பக்கம்
ஓர் ஆளை அனுப்பினார்,
கறிபாப் விற்க.

திடலில் வீடு கட்டப் போகிறார் என்றார்கள்.
பட்டத்துக்கு அலைகிறார் என்றார்கள்.
தேர்தல் வருது பார் என்றார்கள்.
மூன்றும் உண்மையாக இருக்கலாம்.
காரணம் எழுத
என் புத்தகத்தில் பத்தி இல்லை.

லைபீரியாவிலிருந்து மோமோ வந்தான்.
லாவ் கடை மேல்மாடியில் அறை வாடகை,
அரிசி,
தாயோடு பேசப் போன் காசு,
மூன்றுக்கும் தனித்தனி ரசீது.
அவன் போட்ட கோலுக்கெல்லாம்
ரசீது இல்லை.

மூன்றாம் வருஷம் இரும்பு விலை படுத்தது.
டிசம்பர்ச் சம்பளம் ஜனவரியில்.
ஜனவரிச் சம்பளம் 'பாப்போம்' என்பதில்.
ஒரு ராத்திரி வாசலில் நின்று கேட்டார்,
'சேமநிதியை மட்டும் தள்ளிப்போடு.'
போட்டேன்.
இரண்டு மாதம்.
என் கையெழுத்துதான்.

கோல்கீப்பர் கபிலேஷ்
வீட்டுக் கடனுக்கு பேங்க் போய்விட்டு
நேரே என் மேசைக்கு வந்தான்.
மனுவில் தொழில் என்ற கட்டம்.
அவன் அப்பா எழுதியது மரம் வெட்டு.
அண்ணன் எழுதியது லோரி அட்டெண்டன்.
இவன் எழுதியிருந்தது
பந்து ஆட்டக்காரர்.
பேங்க்கில் அதைக் கேள்வி கேட்கவில்லை அக்கா,
இந்த ரெண்டு மாசம் எங்கே என்றுதான் கேட்டாங்க.

மனுவை முதலாளி முன் வைத்தேன்.
விடுபட்ட மாதங்களைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.
தொழில் என்ற கட்டத்திலேயே
வெகுநேரம் இருந்தார்.

மறுநாள் கிரேன் வந்தது.
இரண்டு விளக்குக் கோபுரங்களை
தன் தராசில் தானே ஏற்றினார்.
விலை சொன்ன ஆளிடம்
பேரம் பேசவில்லை,
பேரம் பேசாத குணசீலனை
அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை பாதித் திடலில்தான் வெளிச்சம்.
இரண்டாம் பாதியில்
எங்கள் கோல் இருட்டுக்குள் போனது.
நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோன நேரம்
வேலிக்கு அந்தப் பக்கம்
ஒரு மோட்டார் விளக்கு.
பிறகு பத்து.
பிறகு நான் எண்ணுவதை நிறுத்தினேன்.
மஞ்சளும் வெள்ளையுமாய்
நடுங்கும் வெளிச்சத்தில்
கபிலேஷின் நிழல்
வலையில் நூறாய்ச் சிக்கியது.

மூன்றுக்கு ஒன்று, தோல்வி.
கண் கூசியது என்றான்.
பொய் இல்லை.

ஓசியில் பார்த்தவர்கள் எரித்த பெட்ரோல்
வரவா செலவா என்று
இன்றுவரை பதியவில்லை.

திங்கட்கிழமை வட்டியோடு
சேமநிதி கட்டினேன்.
பதினெட்டுப் பேருக்கும்.
பாரத்தில் முதலாளியின் தொழில் கேட்டிருந்தது.
பேனா கொஞ்சம் நின்றது.
பழைய இரும்பு
என்றே எழுதினேன்.