தடா தாண்டி

மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஆஃப் விழுவது
எங்கள் ஆஸ்பத்திரியில் கிரகணம் மாதிரி.
ஜனவரி பத்தொன்பது, ஞாயிறு.
டூட்டிப் பட்டியலை இரண்டு தரம் படித்துவிட்டு
ஹெப்சிபா சொன்னாள்,
"வேற ஸ்டேட் போறோம்."

எது என்பதில் குழப்பமில்லை.
ராயபுரத்திலிருந்து வடக்கே பிடித்தால்
முதல் பசி எடுக்கும்போது ஆந்திரா.

இரவு ஒன்றரை. எலும்பு முறிவு வார்டு.
மாத்திரைப் பெட்டியைப் பிரித்து
அட்டையின் வெறும் பக்கத்தில் கோடு இழுத்தேன்.

ஐந்துக்குக் கிளம்பணும்.
செங்குன்றத்தில் விடிந்தால் செத்தோம்,
டிப்பர் லாரிகளின் பின்பக்கம்தான் சுற்றுலா.
கும்மிடிப்பூண்டியில் டேங்க்கை நிரப்பிக்கணும்,
அந்தப் பக்கம் விலை கூட.
இட்லி ஆரம்பாக்கத்தில்.
தமிழ்நாடு முடிகிற இடத்துக்கு
ஆரம்பாக்கம் என்று பேர்!

அப்புறம் தடா.
போர்டுகளில் எழுத்து உருண்டுவிடும்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன டிக்,
கொடுத்தாச்சு கொடுத்தாச்சு என்று
மருந்துச் சார்ட்டில் நாங்கள் போடுகிற அதே டிக்.

கோட்டீஸ்வரிக்குக் காளஹஸ்தி,
தம்பி ஜாதகத்தில் ராகு உட்கார்ந்திருக்கிறான்.
ஹெப்சிபாவுக்கு அருவி, எந்த அருவியானாலும்.
எனக்கு, சூலூர்பேட்டையில் வலது பக்கம் ஒடித்து
ஏரியை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிற சாலை.
பூநாரை வந்திருக்குமாம்.
மூவருக்கும் பொதுவாக,
சிவப்பு மையில், அடிக்கோட்டோடு,
தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை.
பார்க்க வேண்டிய இடங்களில்
அதைத்தான் முதலில் எழுதினோம்.

கூட்டினால்
நாளுக்கு இருபத்தாறு மணி நேரம் வந்தது.
அருவியை அடித்தேன். ஹெப்சிபா முறைத்தாள்.
அருவியை எழுதி, சாப்பாட்டை அடித்தேன்.
"பருப்புப்பொடி, நெய், கோங்குரா இல்லாம
ஆந்திரா எதுக்குடி?"
தூக்கத்தை அடித்தோம்.
அதற்கு யாரும் சண்டை போடவில்லை.

"ரெண்டாவது மதகு, சிஸ்டர்."

பதினாலாம் படுக்கை.
முனிரத்தினம், முப்பத்திரண்டு வயது, லாரி,
தொடை எலும்பு, கால் எடைக்கல்லில் தொங்குகிறது.
தூங்குகிறான் என்று நினைத்திருந்தோம்.

"முதல் மதகுல எல்லாரும் நிப்பாங்க, செல்பி.
ரெண்டாவதுல ஓரங்கட்டுங்க. இறங்காதீங்க.
அதுங்களுக்கு வண்டி பயமில்ல,
மனுசன்தான் பயம்."

நீங்க நின்னு பாத்திருக்கீங்களா என்றாள் ஹெப்சிபா.

"தீவுக்கு சிமெண்ட் அடிச்சேன், ஆறு வருசம்.
எங்க நிக்கிறது?
ஒதுக்கினா பின்னாடி நாலு வண்டி ஆரன் அடிப்பான்.
ஓட்டிக்கிட்டே பாப்பேன்,
ரோசா கலர்ல ஒரு கோடு.
பறவைனு ரொம்ப நாள் தெரியாது."

கட்டிலுக்கடியில் எடைக்கல் லேசாக ஆடி நின்றது.

"எவ்வளவு நேரம் போட்டிருக்கீங்க?"
அட்டையைப் பார்த்தேன். இருபது நிமிஷம்.
"நாப்பது போடுங்க. என்னோடதும் சேத்து."

இருபதை அடித்து நாற்பது எழுதினேன்.
கோட்டீஸ்வரி எதிர்க்கவில்லை,
ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைக்கு என்று மட்டும்
தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அவன் நாடி எழுபத்தெட்டு.
சார்ட்டில் டிக் போட்டேன்.
அதற்குக் கீழே என்ன எழுத்து வரும் என்று
ஒரு கணம் யோசித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும்
கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றிருந்தன,
இன்ஜின் அணைக்காமல்.

விடியப் போகிற நேரத்தில்,
பிளாஸ்க் டீயின் கடைசி வாயில்
ஹெப்சிபா நிமிர்ந்தாள்.

"ஆமா,
வண்டி யாருது?"