மறைநகல்

ஆடிவேல் ரதம் காலி வீதியால் வருகிற சனிக்கிழமை
பாதை மூடப்படும்.
ஆகவே மூன்று மணிக் கூட்டம் ஐந்து மணிக்கு.
இவ்வளவுதான் செய்தி.
இதை மூன்று மொழியில் எழுதிச் சரிபார்க்க
நாற்பது நிமிடம் போனது.
சிங்களத்தில் ஒரு கொம்பு பிழைத்திருந்தது,
டில்ருக்‌ஷி திருத்தித் தந்தாள்.
அனுப்ப ஒரு நொடி.

நாலு ஐம்பது ரயிலைப் பிடிக்க வேண்டும்.
ஒரு கையில் குடை, மறு கையில் சுட்டெலி.
நாற்பத்தொரு முகவரிகளை வழித்தெடுத்துப்
பெறுநர் என்ற கட்டத்தில் கொட்டினேன்,
சந்தைப் பையைக் கவிழ்ப்பதுபோல.

பம்பலப்பிட்டி நிலையத்தில்
உப்புக்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
எனக்கு வந்த நகலைத் திறந்தேன்.
ஒருவர் தோளில் ஒருவர் ஏறி
எல்லாரும் வெளிச்சத்தில் நின்றார்கள்.

முகவரி.
இந்தச் சொல்லுக்குள் முகம் இருக்கிறதென்று
பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.
ஒன்றில் பிறந்த ஆண்டு.
ஒன்றில் பிள்ளையின் செல்லப்பெயர்.
ஒன்றில் வங்கியின் பெயர், கிளையோடு.
ஒருவர் இறந்துபோன மனைவியின் பெயரிலேயே
இன்னும் கடிதம் வாங்குகிறார்
(படிவத்தில் அதை நிரப்பும்போது
பேனை கொஞ்சம் நின்றதைப் பார்த்திருக்கிறேன்).
எல்லாருக்கும் கீழே, கடும் பச்சையில், எங்கள் கையொப்பம்:
மதுவிலிருந்து மீள்வோர் வட்டம், கொழும்பு ஐந்து.

ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

திரும்பப் பெறுக என்றொரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன்.
அது நாற்பத்தொரு பேருக்கும்
“அனுப்பியவர் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறார்” என்று
இன்னொரு கடிதம் போட்டது.
வாசிக்காமல் விட்டவர்களும் தேடி வாசித்தார்கள்.

பிறகு பதில்கள், எல்லாருக்கும்.
“நன்றி, வருகிறேன்” என்றார் ஒருவர், ஒன்றும் நடவாததுபோல.
“உங்களை எனக்குத் தெரியாது, தவறுதலாய்ச் சேர்த்திருக்கிறீர்கள்” என்றார் ஒருவர்,
முழுப்பெயரும் பதவியும் தொலைபேசி இலக்கமும்
தானாய் ஒட்டிக்கொண்ட கையொப்பத்தோடு.
எல்லாருக்கும் பதில் போடாதீர்கள் என்று
எல்லாருக்கும் பதில் போட்டார் இன்னொருவர்.

இரவு ஒன்பதரைக்கு எனக்கு மட்டும்:
“மிஸ், உங்கட பட்டியலில பதினேழாவது என்ர மனேஜர்.
நான் இருபத்தாறு.
நாளைக்கு எப்பிடி வேலைக்குப் போறது?”

பட்டியல்.
வெள்ளவத்தையில் எங்கள் வாடகை அறையில்
இரவு யார் யார் தங்குகிறார்கள் என்று
பொலிசுக்கு எழுதிக் கொடுத்த தாளில்
அப்பா எங்கள் பெயர்களை
எறும்பு அளவுக்கு எழுதினார்.
சின்னதாய் எழுதினால் கண்ணில் படாதாம்.
அந்தத் தாளின் பிரதி எங்கெங்கே போனதென்று
கடைசிவரை அவருக்குத் தெரியாது.
அவருடைய மகள் நான்.
நான்தான் இதைச் செய்தேன்.

நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாய் மன்னிப்பு எழுதினேன்.
வெட்டி ஒட்டவில்லை. விடிந்துவிட்டது.
இருபத்தாறுக்கு மட்டும் கை ஓடவில்லை.
“அவருக்கும் இன்று இதே பயம்தான் இருக்கும்” என்று எழுதி,
அழித்து,
மறுபடி அதையே எழுதினேன்.

சனிக்கிழமை ஐந்து மணி.
காலி வீதியில் நாதஸ்வரம் தூரமாகிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டு பேர்.
இருபத்தாறு வந்தார்.
கதவோரமாய்க் கதிரையை இழுத்துப் போட்டார்.
பக்கத்துக் கதிரையில் ஹெல்மெட்டை வைத்தார்.
யாரோ உட்கார வந்தபோது
“ஆள் வருது” என்றார்.
கூட்டம் முடியும்வரை ஹெல்மெட்தான் உட்கார்ந்திருந்தது.

இப்போதெல்லாம் பெறுநர் கட்டத்தில் என் முகவரி மட்டும்.
மற்றவர்கள் மறைநகலில்.
அங்கே ஒருவருக்கு மற்றவர் இல்லை,
எனக்கு மட்டும் எல்லாரும் இருக்கிறார்கள்.
விரலை எடுத்துவிட்டு ஒருமுறை எண்ணுகிறேன்.
ரயில் போனால் போகட்டும்.

நேற்று நாற்பது போய்ச் சேர்ந்தது.
பதினேழு திரும்பி வந்தது.
அப்படி ஒரு முகவரி இல்லையாம்.