எழுபத்து நாலு கிலோ

கடைக்குள் விரிக்க இடமில்லை.
பதினேழுக்கு இருபத்தாறு அடி.
மஞ்சனக்காரத் தெருவில் எந்தக் கூரைக்கு அடியிலும் அடங்காது.
ஆட்டோவில் திணித்துக்கொண்டு
நானும் தனபாக்கியமும்
ஏ.வி. பாலத்துக்குக் கீழே
வைகை மணலில் விரித்தோம்.
மூலைக்கு ஒரு செங்கல்.
எருமைகள் தள்ளி நின்று பார்த்தன.
மேலேயிருந்து ஒருத்தர், ஸ்கூட்டரை நிறுத்தி:
"என்னம்மா, மாநாட்டுப் பந்தலா?"
"இல்லண்ணே, பாய்மரம். படகுக்கு."
எங்களைப் பார்த்தார், மணலைப் பார்த்தார்,
கிக்கரை உதைத்தார்.

பத்தொன்பது வருஷமாக லாரித் தார்ப்பாய் தைக்கிறேன்.
அது காற்றை உள்ளே விடக் கூடாது.
இது காற்றைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும்.
"நடுவுல தொய்வு வேணும்கா," என்றிருந்தார்
ஆற்றங்கரை சகுபர், போனில்.
"புள்ளத்தாச்சி வயிறு மாதிரி.
அஞ்சாம் மாசம். ஒம்பதாம் மாசம் ஆகாது, கவுத்திரும்."
அஞ்சாம் மாசம் என்றால் எத்தனை இஞ்ச்?
தனபாக்கியம் மூன்று பெற்றவள்.
ஆறு என்றாள்.
ஆறு வைத்தேன்.

சாக்பீஸ் கோடு பாதியில் இருக்கும்போது
மேலக்காற்று வந்தது.
ஒரு செங்கல் புரண்டது,
பிறகு இன்னொன்று.
துணி எழுந்து நின்றது, எங்களைவிட உயரமாய்.
ஓரத்தைப் பிடித்திருந்த தனபாக்கியத்தை
நாலு எட்டு இழுத்துக்கொண்டு போனது,
கிழக்கே,
தண்ணீர் போயிருந்தால் போயிருக்கும் பக்கமாக.

மாட்டுத்தாவணியில் லக்கேஜ் டிக்கெட் இரண்டு.
திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி.
ஆறு பக்கத்தில் வந்தது, காணாமல் போனது,
கருவேலத்துக்குள்ளிருந்து மறுபடி வந்தது.
கண்டக்டர் மூட்டைமேல் உட்கார்ந்து
கணக்கு எழுதினார்.

கட்டிப் பார்க்கும்போது தைத்தவள் இருந்தால் நல்லது
என்றார் சகுபர்.
தேவிபட்டினம் வரை, கரையோரமாக,
கச்சான் அடிக்கிறது, மதியத்துக்குள் போய்விடலாம்.
வத்தையின் குறுக்கே ஒரு பலகை
தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருந்தது.
அதில்தான் ஆள் உட்கார வேண்டுமாம்,
காற்று வரும் பக்கம்,
படகு சாயாமல் இருக்க.
"எத்தன கிலோக்கா?"
"அறுபத்தெட்டு."
"மன்சூரு, நீயும் அக்கா பக்கத்துல ஏறு."

பாய் ஏறியது.
கயிறு முறுகியது, மரம் ஒருமுறை முனகியது,
அப்புறம் சத்தமே இல்லை.
இன்ஜின் இல்லாமல் இவ்வளவு வேகம் போகும் ஒன்றில்
நான் உட்கார்ந்ததில்லை.
ஆனால் படகு எங்கள் பக்கமே சாய்ந்தது.
என் பாவாடை விளிம்பு நனைந்தது.
சகுபர் பாயைப் பார்த்தார்,
பலகையைப் பார்த்தார்.
"காத்து கொறஞ்சிருக்கு போல," என்றார் மரியாதையாக.
குறையவில்லை.
அலைப் பக்கம் திரும்பிச் சொன்னேன்:
"எழுபத்து நாலு."
மன்சூர் உள்ளே இறங்கினான்.
வத்தை நிமிர்ந்தது.
யாரும் சிரிக்கவில்லை, மன்சூரைத் தவிர.

கரையில் பனைகள் போயின,
இறால் பண்ணை மோட்டார்கள்,
இடுப்பளவுத் தண்ணீரில் பாசி எடுக்கும் பெண்கள்.
ஒருத்தி கையாட்டினாள்.
நான் ஆட்டவில்லை.
மூன்றாவது மூட்டில்
கரண்ட் போன சாயங்காலம்
ஊசி உடைந்த இடம்.
நாலு தையல் தாண்டி மறுபடி பிடித்திருந்தேன்,
யார் பார்க்கப் போகிறார்கள் என்று.
இப்போது அந்த இடைவெளியில்
வெயில் ஒரு அரிசி அளவு ஒளிந்து ஒளிந்து தெரிந்தது.
காற்று ஏறும்போது அரிசி நெல்லானது.
எழுபத்து நாலு கிலோவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அதையே பார்த்து வந்தேன்.
தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நிற்பதை
மன்சூர் காட்டியபோதுதான்
தலையைத் திருப்பினேன்.
எட்டு எண்ணினேன்.
மறுபடி தையல்.

கரையேறியதும் பையிலிருந்து ஊசி எடுத்து
ஈரத்தோடு கையால் நாலும் போட்டேன்.
சகுபர் விரலால் தடவிப் பார்த்தார்.
முன்னமே பார்த்துவிட்டேன் என்று
அவரும் சொல்லவில்லை.

"கடல் எப்படி இருந்துச்சு?"
மறுநாள் தார்ப்பாய்க்கு வளையம் அடித்தபடி
தனபாக்கியம் கேட்டாள்.
ஷட்டருக்கு வெளியே
சிமென்ட் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
"ஆறு இஞ்ச் சரி," என்றேன்.
"அஞ்சாம் மாசமேதான்."