பாளம்

மூன்றே கால் இருக்கும்.
நத்தம் ரோட்டில், ஊமச்சிகுளம் வருவதற்கு முன்னால்,
ஒற்றைச் செருப்போடு வண்டியை மறித்தது ஒரு பெண்.
"பேய்ண்ணே, நிறுத்தாத" என்றான் ஒச்சப்பன்.
பேய் கேட்டது: "அண்ணே, ஐஸ் இருக்கா?"

இருந்தது. அது மட்டும்தான் இருந்தது.
பதினோரு பாளம், உமிச்சாக்கு போர்த்தி,
மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டுக்கு.
நாலு மணிக்குள் இறக்காவிட்டால்
சிக்கந்தர் பாய் வாடகையில் பிடிப்பார்.

தோப்புக்குள் பாட்டு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது,
ஆட ஆளில்லாமல்.
தொட்டி ஓரம் கிடந்தான்.
இருபத்திரண்டு வயதிருக்கும்.
வேர்த்து வேர்த்து வேர்வையே தீர்ந்துபோன உடம்பு.
தோளில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.
சிறுமலை ஏறி வந்த வண்டியின் பானெட்டை
இப்படித்தான் தொடுவோம், இப்படித்தான் எடுப்போம்.
பல் நெறிபட்டது. தாடை பூட்டிக் கிடந்தது.
கண்ணில் வெள்ளையைவிடக் கறுப்பு அதிகம்.
ஒரு கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது,
பாட்டுக்கு அல்ல.

"வெயில் தாக்கிருச்சுண்ணே" என்றான் ஒருத்தன்.
நடுச்சாமத்தில் ஏதுடா வெயில்.
"காய்ச்சல்" என்றான் இன்னொருத்தன்.
மூன்றாவது ஆள் பைக்கை உதைத்து
ஹெட்லைட் போடாமலே போய்விட்டான்.

தூக்கிப் போட்டோம் பாளத்தின்மேல்.
சட்டையைக் கிழித்து,
கடப்பாரையால் நொறுக்கிய சில்லை
கக்கத்தில், கழுத்தில், தொடையிடுக்கில்.
மீனுக்கு அடுக்குகிற கணக்கில்தான் அடுக்கினான் ஒச்சப்பன்.
அவனுக்கு வேறு கணக்குத் தெரியாது.

ஐயர் பங்களா. தல்லாகுளம். கோரிப்பாளையம்.
சிக்னல் எல்லாம் மஞ்சளில் கண்ணடித்தது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
வண்டியின் பின்னால் வெள்ளைப் புகை.
ஐஸிலிருந்து எழும்புவதுதான், தினமும் பார்ப்பதுதான்.
அன்றைக்கு
அவன் புகைவதாகவே பட்டது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி.
"என்ன போட்டான்?"
காய்ச்சல் என்றவன் தரையைப் பார்த்தான்.
"புடிச்சுக் குடுக்கக் கேக்கல. வைத்தியம் பாக்கக் கேக்குறேன்.
காய்ச்சல் மாத்திரைக்கு இது அடங்காது.
என்ன போட்டான்?"

நஸ்ரின் (அதற்குள் பேர் தெரிந்திருந்தது)
சுவரில் ஒட்டியிருந்த நாய்க்கடி நோட்டீஸிடம் சொன்னாள்:
"வில்லை. பத்து மணிக்கு ஒண்ணு.
ஏறவே இல்லைன்னு இன்னொண்ணு.
அப்புறம் ஆடினான். நிறுத்தவே இல்ல.
நிறுத்தச் சொன்னேன்."
"நீ?"
"பாதி."

நூற்றெட்டு என்று உள்ளே யாரோ சொன்னார்கள்.
ஆம்புலன்ஸைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.
உடம்புச் சூட்டைச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னும் ஐஸ் இருக்காய்யா?"
ரெண்டு பாளம் இறக்கிக் கொடுத்தேன்.
கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை.

மார்க்கெட் சேரும்போது விடிந்துவிட்டது.
பாய் கத்தினார். சீலா வாய் பிளந்து கிடந்தது,
ஊளியில் ஈ உட்கார ஆரம்பித்திருந்தது.
வண்டி பஞ்சர் என்றேன்.
எனக்கும் வந்தது அந்த வியாதி.

எண்ணிப் பார்த்து எழுநூறு ரூபாய் பிடித்தார்.
பிறகு மேலே கிடந்த பாளத்தைப் பார்த்து
"இதென்ன, நடுவுல குழி?" என்றார்.
தோள் ரெண்டும், முதுகெலும்பு ஓடும் மேடும்,
ஒரு ஆள் அளவுக்கு.
நான் சொல்வதற்குள்
சம்மட்டி விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் போன் வந்தது.
கிட்னி ஓடவில்லையாம், மிஷினில் ஓட்டுகிறார்களாம்.
மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனதாம்.
கண் திறந்தானா என்றேன்.
"திறந்தான். குளிருதுன்னு சொன்னான்."
சொல்லிவிட்டு அழுதாள்.
அவன் பேரையும் சொன்னாள்.
ஏற்றுகிற இடத்தில் பாளம் சறுக்கி விழுகிற சத்தம்,
சரியாகக் கேட்கவில்லை.

இப்போதும் அந்தத் தோப்பு வந்தால்
கால் தானாக ஆக்ஸிலேட்டரை விடுகிறது.
ஒச்சப்பன் ஒன்றும் கேட்பதில்லை.
பின்னால் சொட்டிக்கொண்டே வருகிறது,
ரோடு நெடுக, ஒரு ஈரக்கோடு.